காலையில் என்ன மாத்திரை போட்டீங்க?

போன மாதம் சிறுசேரியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பயிற்சியாளர்களுக்கு நான்கு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், அன்று புதிதாகச் சேர வந்தவருக்குக் கணினியில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், வயது, எடை எல்லாம் ஆனது. அடுத்தது நோய் பற்றிய கேள்வி. தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மெடிக்கல் பிராப்ளம் ஒண்ணும் இல்லல்ல சார்?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் 'இல்லை' என்பதை அழுத்தியும் விட்டார்.

அதற்குப் பிறகு நான் மேடையேறிப் பேசியது எனக்கே பிடிக்கவில்லை. சூடேற்றும் பயிற்சி, முதுகை வளைக்காமல் எடை தூக்குவது என்று உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லிவிட்டு, பொன்னாடையை வாங்கிக்கொண்டு வந்தேன். சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதை இப்போது எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்க்கும் சங்கதி அதிகம் இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது தொண்ணூறுகளில். மதுராந்தகத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். தற்காலிகம் என்பது எப்போது வேண்டுமானாலும் முடியும் என்பதை ஒரு ஜூன் மாதம் தெரிந்துகொண்டேன். மாமல்லபுரம் பக்கம் கடற்கரையோரம் ஒரு விடுதியில், தங்க வரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். போனேன். கடற்காற்று, இலவசச் சாப்பாடு, வெள்ளைக் காலணி. வேலை என்னவோ பெரும்பாலும் விருந்தினர்களின் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைப்பதுதான்.

அங்கே நீச்சல் குளத்துக்கு ஓர் உயிர்க்காப்பாளர் இருந்தார். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர், என்னைவிட நான்கைந்து வயது இளையவர். அவருக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. என்னிடம் மூன்று இருந்தன. அதனால் அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நாள் முழுவதும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரோடும் பேச மாட்டார். சோம்பேறி என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளத்தில் நல்ல கூட்டம். திடீரென்று ஒரு பெண் அலறினாள். கையைக் காலை அடித்துக்கொண்டு, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு அப்படி ஓர் அலறல். நான் ஓடினேன். உயிர்க்காப்பாளரும் ஓடினார். ஆனால் அவர் அந்தப் பெண்ணைத் தாண்டிக்கொண்டு குளத்தின் மறுமூலைக்கு ஓடினார். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மூலையில் ஒரு நடுவயது ஆள் தண்ணீரில் செங்குத்தாக, சும்மா நிற்பதுபோல் இருந்தார். முகம் வானத்தைப் பார்த்திருந்தது. வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போவதும் மேலே வருவதுமாக இருந்தது. சத்தமே இல்லை. சுற்றிலும் பத்துப் பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. உயிர்க்காப்பாளர் அவரை இழுத்துக் கரையில் போட்டுக் கவிழ்த்த பிறகுதான் அவர் இருமவே ஆரம்பித்தார். அலறிய பெண்ணுக்குக் காலில் சுளுக்கு. அவ்வளவுதான்.

சாயங்காலம் உயிர்க்காப்பாளரிடம் போய் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"கத்துறவளுக்கு மூச்சு கீதுக்கா. அதான் கத்துறா. கம்முனு கீறவனத்தான் பாக்கணும்."

நான் அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எழுதி வைத்துக்கொள்வதற்கும் தெரிந்துவைத்திருப்பதற்கும் எத்தனை தூரம் என்பது பல வருடங்கள் கழித்துச் செங்கல்பட்டில் விளங்கியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு செங்கல்பட்டில் பெண்களுக்கென்று தனி வகுப்பு நடத்த ஒரு கூடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், மாடியில் ஒரு நீளமான அறை, கீழே டீக்கடை. காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை என் வகுப்பு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையலை முடித்துவிட்டு வருவார்கள். பழைய பழக்கத்தில் எல்லாரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நானும் டீச்சராகவே நடந்துகொண்டேன்.

அங்கே எனக்கு ஒரு சட்டம் இருந்தது. நான் 'ஸ்டாப்' சொல்லும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. நம் பெண்களைப் பற்றி எனக்கு அப்போது ஓர் அபிப்பிராயம்: கொஞ்சம் விட்டால் உட்கார்ந்து கதை பேசுவார்கள். அதனால் எண்ணும்போது ஒரு தந்திரமும் செய்வேன். ஒன்பது, பத்து என்று வந்ததும், பத்தையே மூன்று நான்கு தரம் சொல்வேன். பத்து, பத்து, பத்து. அவர்கள் திட்டிக்கொண்டே செய்வார்கள். நீங்களும் இதைச் செய்கிறீர்கள் என்று தெரியும். சிறுசேரியில் அன்று என் காதாலேயே கேட்டேன்.

என் வகுப்பில் நன்றாகத் திட்டுபவர் கன்னியம்மா. படாளத்துக்காரர். கணவரோடு சேர்ந்து பந்தல் சாமான், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை நடத்தினார். ஐம்பது வயது. பிரியாணி அண்டாவை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுவார் என்று சொல்வார்கள், நான் நம்பினேன். முழங்கால் வலிக்கு மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னதால், வாரம் மூன்று நாள் பேருந்து பிடித்து வந்தார். புடவைக்கு மேலே மகனின் பழைய டீ-சர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்வார். ஒவ்வொரு தரம் எழும்போதும் எனக்கு ஒரு வசவு விழும். இடையிடையே எந்தக் கல்யாணத்தில் எத்தனை கரண்டி காணாமல் போனது என்ற விவரமும் வரும். என்னைவிடப் பெரியவர், எல்லாரையும் நீ என்றுதான் பேசுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் வராத நாளில் வகுப்பு சப்பென்று இருக்கும்.

அவர் சேர்ந்த அன்று படிவத்தை நான்தான் நிரப்பினேன். "வியாதி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன். "எனுக்கு இன்னா வியாதி, கல்லு மாதிரி கீறேன்" என்றார். இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். படிவம் சுத்தமாக இருந்தது. சுத்தமான படிவத்தைப் பார்த்தால் நமக்கு ஒரு திருப்தி வருமே, அது எனக்கும் வந்தது.

சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஐப்பசி மழை. கந்த சஷ்டி விரதம் தொடங்கி நான்காம் நாள். பாதிப் பேர் வகுப்புக்கு வரவில்லை. திருப்போரூர் கோயிலுக்குப் போகிறவர்கள், வீட்டிலேயே விரதம் இருக்கிறவர்கள் என்று அந்த வாரம் எப்போதும் அப்படித்தான். அன்று வந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர், கணவருக்கு மாற்றலாகிச் செங்கல்பட்டுக்கு வந்திருந்த ஒரு கோயம்புத்தூர் அம்மா. காலையிலேயே திருப்போரூர் போய்விட்டு நேராக வந்திருந்தார், நெற்றி நிறைய விபூதி. இன்னொருவர் கன்னியம்மா. அவர் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு கட்டியிருந்தது. பார்த்தேன். விரதம் என்று புரிந்தது. இரவில் ஒரு தம்ளர் பால் மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது. அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. விரதம் இருப்பவர்களைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று ஒரு நினைப்பு.

வகுப்பு தொடங்கியது. கன்னியம்மா அன்று என்னைத் திட்டவில்லை. கரண்டிக் கதையும் வரவில்லை. நான் எண்ண எண்ண, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். பத்தை நான்கு தரம் சொன்னேன். நான்கு தரமும் எழுந்தார். மழை நாள், குளிருகிறது என்று மின்விசிறியைக்கூட நிறுத்தி வைத்திருந்தோம். அவருடைய டீ-சர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லார் முன்னாலும் அவரைப் பாராட்டினேன். வாயை மூடிக்கொண்டு செய்தால் எப்படி ஒழுங்காக வருகிறது பாருங்கள் என்று மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டினேன். இன்னொரு சுற்றும் கொடுத்தேன்.

அந்தச் சுற்று முடிவதற்குள் அவர் தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு நடுங்கியது. தலை மெல்ல ஆட ஆரம்பித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. உதடு எதையோ முணுமுணுத்தது. முகத்தில் வேர்வை வழிந்து கழுத்துக்கு இறங்கியது.

"சாமி வந்திருக்குதுங்க" என்றார் கோயம்புத்தூர் அம்மா.

நீங்கள் சிரிக்கலாம். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சஷ்டி வாரம், நான்கு நாள் விரதம், கையில் காப்பு. அந்த வயதில், அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண் நடுங்கித் தலை ஆட்டினால், இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆறு பேரில் மீதி ஐந்து பேரும் கைகூப்பினார்கள். ஒருவர் விபூதி பூசிவிட்டார். கோயம்புத்தூர் அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, தன் கணவருக்குச் சொந்த ஊருக்கு எப்போது மாற்றல் கிடைக்கும் என்று கேட்டார். கன்னியம்மா முணுமுணுத்தது இப்போது எல்லாருக்கும் கேட்டது. பத்து, பத்து என்றார். பத்து மாதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். நானும் கைகூப்பிக்கொண்டு நின்றேன். மூன்று சான்றிதழ், முதலுதவிப் பயிற்சி, பத்து வருட அனுபவம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கும், இரண்டும் இருக்கலாம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: எனக்கும் ஏதாவது கேட்கலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

அந்த யோசனையைக் கலைத்தது என் எண்ணிக்கைதான். பத்து, பத்து என்று அவர் சொன்னது என் குரலின் தாளத்தில் இருந்தது. சாமி எதற்காக என்னைப்போலப் பேசப்போகிறது? அவர் இன்னும் என் வகுப்பில் இருந்தார். உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார், உடம்பு மட்டும் எழவில்லை. அப்போதுதான் வகுப்பு முழுவதும் அவர் பேசாமல் இருந்தது உறைத்தது. கம்மென்று இருந்த ஆளைப் பார்க்காமல் விட்டிருந்தேன்; பார்க்காமல் விட்டதோடு பாராட்டியும் இருந்தேன்.

வீட்டுக்குத் தகவல் சொல்ல எண் இருக்குமே என்று அவர் கைப்பையைத் திறந்தேன். பணம் வைக்கும் சுருக்குப் பையோடு ஒரு மாத்திரை அட்டை இருந்தது. என் மாமியாருக்கு மாதாமாதம் நான் வாங்கும் அதே சர்க்கரை நோய் மாத்திரை. காலையும் இரவும் ஒவ்வொன்று போடுவது; அட்டையில் ஏழு காலியாகியிருந்தன, அன்று காலைவரை கணக்குச் சரி.

நான்கு நாளாகச் சாப்பாடு இல்லை, மாத்திரை மட்டும் தவறவில்லை. அதற்கு மேலே என் பயிற்சி வேறு. ரத்தத்தில் சர்க்கரை எந்த மட்டத்துக்கு இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட யாரும் தேவையில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வலிப்பு வரும், நினைவு போகும், ஆளே போய்விடலாம்.

உடனே சர்க்கரை வேண்டும். அந்த அறையில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. சுவரில் பெரிதாக ஒரு பலகை தொங்கியது: 'சர்க்கரை ஒரு வெள்ளை விஷம்'. சிவப்புச் சாயத்தில் என் கையெழுத்து. கீழே டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கிவர ஒருவரை ஓடச் சொன்னேன். அவர் அசையவில்லை, கோயம்புத்தூர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரதத்தில் இருப்பவர் வாயில், அதுவும் சாமி வந்திருக்கும்போது, டீக்கடைத் தண்ணீரை ஊற்றினால் குற்றமாகிவிடும் என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கன்னியம்மாவுக்காகத்தான் பயந்தார். கன்னியம்மாவும் என் கை பக்கத்தில் வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டார். நினைவு பாதி போன நிலையிலும் விரதம் நினைவிருந்தது.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. இது நோய், சாமி இல்லை என்று ஐந்து பேரோடும் வாதாடலாம். நான் சொல்வதுதான் சரி. ஆனால் அவர்கள் ஒத்துக்கொள்வதற்குள் கன்னியம்மா போய்விடுவார். சரியாக இருப்பதற்கு அப்போது நேரம் இல்லை. கோயம்புத்தூர் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"காலைல கோயில்ல பிரசாதம் என்ன குடுத்தாங்க?"

"கல்கண்டுங்க" என்றார்.

"சாமிக்கு அதைக் குடுங்க."

அவர் முகம் தெளிந்தது. சட்டென்று பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். முழுக் கல்கண்டை அந்த நிலையில் வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். துண்டில் சுற்றி, இரண்டரைக் கிலோ டம்பெல்லால் தட்டிப் பொடியாக்கினேன். தண்ணீர்ப் புட்டியின் மூடியில் கரைத்தேன். முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்தேன். விழுங்கினார். இதை நன்றாக மனத்தில் வையுங்கள்: விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக மருத்துவமனைதான். கோயம்புத்தூர் அம்மா "முருகா, வாங்கிக்கோ" என்று சொல்லிச் சொல்லிக் கொடுக்க, கன்னியம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். ஏழெட்டு மூடி போயிருக்கும்.

பத்து நிமிடத்தில் நடுக்கம் குறைந்தது. கண் வந்து என் முகத்தில் நின்றது. இன்னா எல்லாரும் சுத்தி நின்னுகினு கீறீங்க என்று கேட்டார். சாமி மலையேறிவிட்டது என்று கற்பூரம் ஏற்றாத குறையாக எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிழை செய்ய இன்னொரு நல்ல வாய்ப்பு அப்போதுதான் வந்தது. எல்லாருக்கும் நிம்மதி. கூடத்தின் உரிமையாளர் அதற்குள் மாடியேறி வந்திருந்தார்; ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையத்தில் விட்டுவிடலாம், வீட்டில் போய் ஓய்வெடுக்கட்டும் என்றார். கன்னியம்மாவும் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். மருத்துவமனை என்று நான் சொன்னதும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கடையில் சாமான் கணக்கெடுக்க வேண்டும், அடுத்த நாள் ஒரு காதுகுத்து இருக்கிறது என்றார். எனக்கும் பயம் போய் வெட்கம் வந்திருந்தது. மருத்துவமனைக்குப் போனால் அங்கே கேட்பார்கள், இவருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று. ஊருக்கு அனுப்பிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கணக்கை நான் போட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

ஆனால் மாத்திரை இன்னும் உள்ளே இருந்தது. கல்கண்டு கரைந்து தீர்ந்த பிறகும் அது வேலை செய்யும் என்பது மாமியாரோடு ஒருமுறை பட்ட பாட்டில் எனக்குத் தெரியும். கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வகுப்பில் ஸ்டாப் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டேன்.

"உனுக்குத்தான்" என்றார்.

நான் இன்னும் சொல்லவில்லை, வாருங்கள் என்று ஆட்டோவில் ஏற்றினேன். போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மழையில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. கன்னியம்மா முதலில் கேட்காரரைத் திட்டினார், பிறகு ஆட்டோக்காரரைத் திட்டினார், பிறகு என்னைத் திட்டினார். பிறகு பேச்சு நின்றது. இந்தத் தடவை நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலுதட்டில் வேர்வை பூத்தது. மீதிக் கல்கண்டுப் பொடியும் தண்ணீர்ப் புட்டியும் என் மடியில் இருந்தன. கேட் திறக்கும்வரை மூடி மூடியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். படாளம் பேருந்தில் சன்னலோரம் சாய்ந்துகொண்டு அவர் இப்படி அமைதியாகியிருந்தால், தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பியிருக்க மாட்டார்கள்.

மருத்துவமனையில் ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். அன்று மாலை உரிமையாளர் வகுப்புப் பதிவேட்டில் 'விரதத்தால் மயக்கம்' என்று எழுதச் சொன்னார். நான் எழுதியது வேறு: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர், நான் கேட்டறியவில்லை, பேச்சு நின்றதையும் வேர்வையையும் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. அவர் படித்துவிட்டு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் இல்லை, அதற்காக அவருக்கு நன்றி.

மறுநாள் கன்னியம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் கோபத்தோடுதான் போனேன். தப்புச் செய்தவர்களுக்கு அடுத்தவர் மேல் கோபம் வருவது சகஜம். வியாதி இல்லை என்று சொன்னீர்களே என்றேன்.

"வியாதி எங்க கீது? சுகர்தான கீது" என்றார். அவர் தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு அது இருந்தது. எல்லார் வீட்டிலும் இருப்பதை அவர் எப்படி வியாதி என்பார்? காய்ச்சல் வியாதி, மஞ்சள் காமாலை வியாதி. இது சும்மா சுகர். விரதத்தில் மாத்திரை எதற்கு என்றேன். மாத்திரை சாப்பாடு இல்லையே, விரதம் எப்படிக் கெடும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். மருத்துவர் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். விரதம் இருக்கப்போவதை மருத்துவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவரவர் சொன்னதை அவரவருக்கு ஒழுங்காகச் செய்திருந்தார் கன்னியம்மா. முருகனுக்கு விரதம், மருத்துவருக்கு மாத்திரை, எனக்குப் பயிற்சி. மூன்றும் ஒரே உடம்பில்தான் நடக்கிறது என்பதை விசாரிக்க வேண்டியவர்கள்தான் விசாரிக்கவில்லை.

அன்றிலிருந்து படிவத்தில் அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன். நோய் உண்டா என்று அதன் பிறகு நான் யாரையும் கேட்டதில்லை. காலையில் என்ன மாத்திரை போட்டீங்க, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டேன். சேரும் அன்று மட்டும் இல்லை, ஒவ்வொரு வகுப்பிலும். ஆடியில், ஐப்பசியில், மார்கழியில், ரம்ஜானில் இரண்டு தரம். சர்க்கரைப் பலகையைக் கழற்றி, அந்த ஆணியிலேயே ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தைப் பையோடு தொங்கவிட்டேன். கோயம்புத்தூர் அம்மா வகுப்பை விட்டுப் போகும்வரை, கல்கண்டு கொடுத்தது தான்தான் என்பதை யாரும் மறக்கவிடவில்லை. அவர் கணவருக்கு எட்டாம் மாதமே மாற்றல் வந்தது. இரண்டு மாதத்தை முருகன் தள்ளுபடி செய்துவிட்டார் என்றார்.

ஆனால் இதெல்லாம் சுலபமான பாதி. மீதிப் பாதி அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் கேட்ட கடைசிக் கேள்வியில் இருந்தது. கண் இருட்டியிருக்குமே, கை நடுங்கியிருக்குமே, ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். கன்னியம்மா இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குறை சொல்லும் பார்வை இல்லை. இது தெரியாதா என்பதுபோல ஒரு பார்வை.

"நீ ஸ்டாப் சொல்லலியே டீச்சர்."

எழுந்து, தண்ணீர் பிடித்துவருகிறேன் என்று வெளியே போனேன். வராந்தாவில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

அவர் திரும்பி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆறு வாரம் கழித்து வந்தார், மருத்துவரின் சீட்டோடு, அதே டீ-சர்ட்டோடு. மாத்திரை போட்டதையும் இரண்டு இட்லி சாப்பிட்டதையும் நான் கேட்கும் முன்னே சொன்னார். வகுப்பைத் தொடங்கும் முன்னால் எல்லாரிடமும் என் பழைய சட்டம் ஒழிந்தது என்று சொன்னேன். எப்போது நிறுத்துவது என்பது அவரவர் விருப்பம், காரணம் சொல்ல வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன் என்றேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. டீச்சர்கள் இப்படி நிறைய சொல்வார்கள்.

எண்ண ஆரம்பித்தேன். கன்னியம்மா உட்கார்ந்து எழுந்தார், என்னைத் திட்டினார், ஒரு ஜல்லிக்கரண்டி காணாமல் போன கதையைத் தொடங்கினார். ஏழு என்று சொன்னேன். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், பிறகு எழவில்லை.

"போதும் டீச்சர்" என்றார்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவரால் இன்னும் மூன்று முடியும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எட்டு என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவர் பெயருக்கு நேரே ஏழு என்று எழுதிவிட்டு, அடுத்தவருக்கு எண்ணப் போனேன்.